கம்ப்யூட்டரை மாற்றுவதற்கு முன்னால்...

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. வேற வாங்கணும்."

நம் நண்பர்களில் இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர்கள் குறைவு. கடைக்குக் கொண்டு போனால் மூடியைக்கூடத் திறக்க மாட்டார்கள். "இது பழைய மாடல் தம்பி, இனிமே தாங்காது. புதுசா எடுத்துக்குங்க, மாசத் தவணை போட்டுத் தர்றோம்" என்பார்கள். அவர் சொல்வது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு அது வியாபாரம். ஆனால் நம்மில் பல பேர் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். மொபெட் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைக்க அப்பாவுக்குத் தெரியும். மாடு தீனி எடுக்காவிட்டால் அதற்கு என்ன நோவு என்று பாட்டி சொல்லி விடுவார். கம்ப்யூட்டர் டப்பாவுக்குள் என்ன கோளாறு என்று சொல்ல மட்டும் வீட்டில் ஆள் கிடையாது. கடைக்காரர் சொல்வதே வேதவாக்கு. அந்த முப்பதாயிரம், நாற்பதாயிரம் பல வீடுகளில் அம்மாவின் கம்மலாக இருக்கும்.

ஆகவே பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் கேபினெட்டைத் திறந்து பாருங்கள் என்பதுதான் என் கட்சி!

முதலில் நம் ஃபிட்டிங் ஷாப்பை நினைத்துக் கொள்ளுங்கள். வைஸ் முன்னால் நிற்கிற மாணவன்தான் பிராசஸர். அவன் முன்னால் உள்ள மேஜை ரேம். மூலையில் இருக்கிற ஸ்டோர் ரூம் ஹார்டு டிஸ்க். அரம், ட்ரை ஸ்கொயர், எம்.எஸ். பிளேட் எல்லாம் ஸ்டோரிலிருந்து மேஜைக்கு வந்தால்தான் வேலை நடக்கும். மேஜை ரொம்பச் சின்னதாக இருந்தால் ஒரு சாமானை எடுக்க இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஸ்டோர் கீப்பர் ஆடி அசைந்து வருபவராக இருந்தால், பையன் எவ்வளவு சூட்டிகையாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. கையைக் கட்டிக் கொண்டு நிற்க வேண்டியதுதான். பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பையனை மாற்றுகிறோம், ஸ்டோர் கீப்பரை விட்டு விடுகிறோம்.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரண டெஸ்க்டாப் ஹார்டு டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 60 வகுத்தல் 7200, அதாவது 8.3 மில்லி செகண்ட். நமக்கு வேண்டிய தகவல் தட்டின் எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாதே? சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், 4.2 மில்லி செகண்ட். அதற்கு முன்னால் ரீடிங் ஹெட் சரியான வட்டத்துக்கு நகர வேண்டும்; அதற்கு ஒரு 8, 9 மில்லி செகண்ட். ஆக மொத்தம் ஒரு சின்னத் தகவலை எடுக்க 12 மில்லி செகண்டுக்கு மேல். இது என்ன பெரிய நேரமா என்று கேட்பீர்கள். 3 கிகா ஹெர்ட்ஸ் பிராசஸருக்கு ஒரு செகண்டில் 300 கோடித் துடிப்பு. 12 மில்லி செகண்டில் 3 கோடியே 60 லட்சம் துடிப்பு. அத்தனையும் வெட்டி!

இன்னொரு விதமாகச் சொல்கிறேன். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க சுமார் 100 நானோ செகண்ட். அதை ஒரு செகண்ட் என்று வைத்துக் கொள்வோம். அந்தக் கணக்கில் சாதாரண எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்க 16, 17 நிமிஷம் ஆகும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுக்க? 33 மணி நேரம். இன்று காலையில் அரம் கேட்டால் நாளை சாயங்காலம் கைக்கு வரும்.

ஹார்டு டிஸ்க்கைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. 1956ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டு வந்த முதல் டிஸ்க்கில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். அத்தனையும் சேர்ந்து கொண்டது சுமார் 5 மெகாபைட். இன்று செல்போனில் எடுக்கும் இரண்டு போட்டோ. ஒரு டெராபைட் டிஸ்க்கில் அதைப்போல் இரண்டு லட்சம் மடங்கு அடங்குகிறது. ஆனால் அந்த முதல் டிஸ்க் நிமிஷத்துக்கு 1200 சுற்று சுற்றியது, நம்முடையது 7200. கொள்ளளவு இரண்டு லட்சம் மடங்கு, சுற்றும் வேகம் ஆறே மடங்கு! இரும்பும் மோட்டாரும் அதற்கு மேல் ஓடுவது கஷ்டம். (சர்வர்களில் 15,000 சுற்று வரை போய்ப் பார்த்தார்கள்.) எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கே எதுவும் இல்லை, எல்லாம் சிப்.

ஜீன் ஆம்டால் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் 1967ல் ஒரு விதி சொன்னார். அவர் சொன்னது பல பிராசஸர்களைச் சேர்த்து ஓட்டுவது பற்றி. ஆனால் நம் கேஸுக்கும் பொருந்தும். கம்ப்யூட்டர் ஆன் ஆக 100 செகண்ட் ஆகிறது, அதில் 80 செகண்ட் டிஸ்க்குக்காகக் காத்திருப்பது, 20 செகண்ட்தான் பிராசஸர் வேலை என்று வையுங்கள். பிராசஸரை இரண்டு மடங்கு வேகமாக்கினால் 20 என்பது 10 ஆகும். மொத்தம் 90 செகண்ட். வித்தியாசமே தெரியாது. டிஸ்க்கைப் பத்து மடங்கு வேகமாக்கினால் 80 என்பது 8 ஆகும், மொத்தம் 28. முதலாவதற்குச் செலவு பல ஆயிரம். இரண்டாவதற்கு அதில் ஒரு பங்கு.

சரி, நம் கம்ப்யூட்டரில் காக்க வைப்பது யார் என்று எப்படித் தெரிந்து கொள்வது? விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று மூன்று கட்டம். கம்ப்யூட்டர் திணறுகிற சமயத்தில் அந்தக் கட்டங்களைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, சி.பி.யூ. பத்து இருபதில் கிடந்தால் பிராசஸர் நிரபராதி. மெமரி 90ஐத் தாண்டி நின்றால் மேஜை போதவில்லை. அப்போது விண்டோஸ் சாமான்களைத் தூக்கி டிஸ்க்கில் போட்டு எடுக்கும், டிஸ்க்கும் சேர்ந்து 100க்குப் போகும். சி.பி.யூ.வே 100ல் நின்றால் மட்டும் பிராசஸரைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் முன்னால் எந்தப் புரோகிராம் அதைத் தின்கிறது என்று பாருங்கள். அது வைரஸாகவும் இருக்கலாம், இரண்டு ஆன்டி வைரஸ் ஒன்றோடு ஒன்று மல்லுக்கு நிற்பதாகவும் இருக்கலாம்.

மாமா கடைக் கம்ப்யூட்டர்

2025 மே விடுமுறையில் என் மாமாவின் ஜெராக்ஸ் கடையில் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஐ3 3220 பிராசஸர், ஹெச் 61 மதர்போர்டு, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க். காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு மாமா டீ குடித்து வந்து விடுவார். அப்போதும் மவுஸ் அம்புக்குறி சுற்றிக் கொண்டே இருக்கும். அப்ளிகேஷன் போட வந்த பெண்கள் வெயிலில் வரிசையில் நிற்பார்கள். ஒரு கடையில் 38,000 ரூபாய்க்குப் புது சிஸ்டம் என்று கொட்டேஷன் கொடுத்திருந்தார்கள். மாமா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு சீட்டு எடுப்பதா, வட்டிக்கு வாங்குவதா என்று யோசித்துக் கொண்டிருந்தார்.

டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். டிஸ்க் 100. மெமரி 86. சி.பி.யூ. 14.

256 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று 1,700 ரூபாய். செகண்ட் ஹேண்டில் 4 ஜி.பி. டி.டி.ஆர். 3 ரேம் 450. பயாஸ் பேட்டரி 40. ஆக 2,190 ரூபாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. மறுநாள் மாமா ஸ்விட்சைப் போட்டுவிட்டு வழக்கம்போல் டீக்கடைக்குக் கிளம்பினார், படி இறங்குவதற்குள் ஸ்கிரீன் வந்து விட்டது. "என்னடா, பழசை எல்லாம் அழிச்சிட்டியா?" என்று பயந்து விட்டார்! இல்லை மாமா, எல்லாம் இருக்கு என்று பழைய டிஸ்க்கைத் திறந்து காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார்.

இதில் ஒரு டெக்னிக்கல் சங்கதி. ஹெச் 61 சிப்செட்டில் இருப்பது சாட்டாவின் இரண்டாம் தலைமுறை. செகண்டுக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் போகாது. புது எஸ்.எஸ்.டி. 500க்கு மேல் தரக்கூடியது. "பாதி வேகம்தானே கிடைக்கும், போட்டு என்ன லாபம்?" என்று ஒரு சீனியர் கேட்டார். லாபம் பெரிய ஃபைலைக் காப்பி பண்ணும் வேகத்தில் இல்லை. அந்த 12 மில்லி செகண்ட் 0.1 ஆகக் குறைவதில்தான் இருக்கிறது. விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுகிறது அல்லவா? அங்கேதான் மாயம். அது பழைய சாட்டாவிலும் குறையாமல் கிடைக்கும்.

எஸ்.எஸ்.டி. வைக்கத் தனி இடம் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். சுற்றும் பாகம் இல்லாததால் அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பரவாயில்லை; கேபினெட்டுக்குள் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டினால்கூட ஒன்றும் ஆகாது. பழைய ஹார்டு டிஸ்க்கை வீசி விடாதீர்கள். இரண்டாவது டிஸ்க்காக மாட்டிப் போட்டோ, சினிமா, பழைய பைல்களுக்கு வைத்துக் கொள்ளலாம். எல்லாம் வந்து சேர்ந்ததா என்று ஒரு வாரம் பார்த்த பிறகே அதை ஃபார்மேட் அடிக்க வேண்டும்.

எஸ்.எஸ்.டி.க்கு எழுதுகிற ஆயுள் உண்டு, சீக்கிரம் போய் விடும் என்று ஒரு பயம் நிலவுகிறது. பெட்டியில் அல்லது கம்பெனியின் தகவல் தாளில் டி.பி.டபிள்யூ. என்று ஓர் எண் போட்டிருக்கும். 80 என்று போட்டிருந்தால் 80 டெராபைட் எழுதலாம். தினம் 20 ஜி.பி. எழுதினால் 4,000 நாள், கிட்டத்தட்ட 11 வருஷம். ஜெராக்ஸ் கடைக்கு அது ஏராளம். உண்மையான ஆபத்து வேறு. ஹார்டு டிஸ்க் சாகும் முன்னால் பல சமயம் டிக் டிக் என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சத்தம் இல்லாமல் போய்ச் சேர்ந்து விடும். உள்ளே இருப்பதை மீட்பதும் கஷ்டம். ஆகவே புராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒரே இடத்தில் வைத்துக் கொண்டு திரியாதீர்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, மெயிலில் ஒன்று. ஃபைனல் இயர் நண்பர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

ரேமுக்கு வருவோம். 8 ஜி.பி. இருந்தால் நம் படிப்புக்கும் சாதாரண கடை வேலைக்கும் போதும். ஆட்டோகேட், வீடியோ எடிட்டிங் என்று போகிறவர்களுக்கு 16. எந்த ரேம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டி.டி.ஆர். 3க்கு 240 பின், 1.5 வோல்ட். டி.டி.ஆர். 4க்கு 288 பின், 1.2 வோல்ட். நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் உட்காராது; பலத்தைக் காட்டினால் ஸ்லாட்தான் உடையும். சி.பி.யூ.-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டால் எந்த ரேம், என்ன வேகம் என்று காட்டும். காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதை மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதே உத்தமம். முடிந்தால் இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவில் போடுங்கள். இரண்டு வழியாகவும் தகவல் போய் வரும். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 8 ஜி.பி. மாட்டியும் 4க்கு மேல் தெரியாது. அது ரேமின் குற்றம் இல்லை, 64 பிட் போட வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்கினால் மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்ற சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் மறுநாளே திருப்பிக் கொடுத்து விட வேண்டும். புது ரேமைப் பொறுத்தவரை 2025 கடைசி மாதங்களில் விலை கண்டபடி ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டும் டேட்டா சென்டர்களுக்கே சிப் கம்பெனிகள் முன்னுரிமை கொடுத்ததுதான் காரணம். எங்கோ அமெரிக்காவில் கட்டுகிற கட்டடத்தால் இங்கே நம் ஊர்க் கடையில் விலை ஏறுகிறது!

யாரும் கவனிக்காத பாகம் ஒன்று உண்டு. எஸ்.எம்.பி.எஸ். எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள் கொஞ்சம் காது கொடுங்கள். கேபினெட்டோடு இலவசமாக வருகிற சப்ளையில் 450 வாட்ஸ் என்று பெரிசாக ஒட்டியிருக்கும். அதை நம்பாதீர்கள். கீழே சின்ன எழுத்தில் பிளஸ் 12 வோல்ட் லைனில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த லைனில்தான். 16 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 16, 192 வாட்ஸ். அவ்வளவுதான் அதன் யோக்கியதை. மதர்போர்டின் ஸ்லாட் ஒரு கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்ஸ் தரும். அதற்கு மேல் கேட்கிற கார்டுக்குத் தனி வயர் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் கேம் ஆசையில் பெரிய கார்டை வாங்கி மாட்டினால், திடீர் திடீர் என்று ரீஸ்டார்ட் ஆகும், ஒரு நாள் கருகிய வாசனை வரும். மலிவு சப்ளை போகும்போது சும்மா போகாது, மதர்போர்டையும் கூட்டிக் கொண்டு போகும். பிராண்டட் ஆபீஸ் டெஸ்க்டாப்களில் எஸ்.எம்.பி.எஸ். கனெக்டரே தனி ரகமாக இருப்பது உண்டு. பழையதைக் கையில் கொண்டு போய்க் காட்டித்தான் வாங்க வேண்டும்.

பிராசஸரை மாற்றவே கூடாதா என்றால், மாற்றலாம், அதே சாக்கெட்டுக்குள். மாமா கடை மதர்போர்டின் சாக்கெட் 1155. அதில் ஐ3க்குப் பதில் நாலு கோர் உள்ள ஐ5 3470 உட்காரும். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். ஐ3 55 வாட்ஸ், ஐ5 77 வாட்ஸ். ஃபேன் நன்றாக இருக்க வேண்டும், தெர்மல் பேஸ்ட் புதிதாகத் தடவ வேண்டும், சில போர்டுகளில் பயாஸ் அப்டேட்டும் வேண்டும். அடுத்த தலைமுறை பிராசஸர் வேண்டும் என்றால் சாக்கெட் வேறு. போர்டு மாறும், போர்டு மாறினால் பல சமயம் ரேமும் மாறும். அதற்குப் பெயர் அப்கிரேடு இல்லை, பழைய டப்பாவில் புதுக் கம்ப்யூட்டர். நான் கோடு போடுவது அங்கேதான். போர்டைத் தொட வேண்டிய நிலை வந்தால் பழையதில் மேற்கொண்டு காசு போடாதீர்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 சாக்கெட் மட்டும் இதற்கு விதிவிலக்கு. 2016ல் வந்த சாக்கெட்டுக்கு 2024லும் புதுப் பிராசஸர்கள் வந்தன.

பைசா செலவில்லாத வேலைகளும் இரண்டு உண்டு. ஒன்று தூசி. ஃபேனிலும் ஹீட் சிங்க்கிலும் பஞ்சு மாதிரி அடைத்துக் கிடக்கும். சூடு அதிகமானால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். நாம் ஸ்லோ என்று திட்டுவோம். பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். ஃபேனை விரலால் பிடித்துக் கொண்டு ஊதுங்கள். இல்லாவிட்டால் அது தறிகெட்டுச் சுற்றும். இன்னொன்று இன்டர்நெட்டில் எல்லா சைட்டும் "பாதுகாப்பு இல்லை" என்று மிரட்டினால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பத்து வருஷம் பின்னால் இருக்கும். போர்டில் உள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரி காலி என்று அர்த்தம். இதற்கும் "மதர்போர்டு போயிடுச்சு" என்று சொன்ன கடைகள் உண்டு!

விண்டோஸா, வேறா?

விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ல் நிறுத்தியது. தனிநபர்கள் பதிவு செய்து கொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்க ஓர் ஏற்பாடும் செய்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். மாமா கடை மூன்றாம் தலைமுறைக்கு அது கிடையாது. குறுக்கு வழியில் போட்டு விடலாம்தான். ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

அப்டேட் இல்லாவிட்டால் என்ன ஆகி விடும் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் ஃபைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. உலகமெங்கும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் மாட்டின. அதைத் தடுக்கும் அப்டேட் அதே வருஷம் மார்ச்சிலேயே வந்து விட்டது. போடாமல் விட்டவர்கள்தான் அழுதார்கள். கிராக் செய்த விண்டோஸ் வைத்திருப்பவர்கள் பலர் அப்டேட்டையே நிறுத்தி வைக்கிறார்கள். அந்தக் கிராக் ஃபைலுக்குள் வேறு யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பிறருடைய ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் வந்து போகிற கடையில் இது விளையாட்டு இல்லை.

லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள் என்பேன். பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், இலவசம், ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் சுமார் ஐந்து வருஷம் அப்டேட் வரும், பத்து வருஷப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். ரூஃபஸ் என்ற சின்ன சாஃப்ட்வேரால் பென் டிரைவில் ஏற்றினால், கம்ப்யூட்டரில் எதையும் அழிக்காமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். பிரின்டர், ஸ்கேனர், கைரேகை மெஷின் வேலை செய்கிறதா என்று அப்போதே சோதித்து விடுங்கள். எல்லாக் கைரேகை மெஷினுக்கும் லினக்ஸ் டிரைவர் கிடையாது. அதனால்தான் மாமா கடையில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் லினக்ஸ், இன்னொன்றில் விண்டோஸ்.

சாஃப்ட்வேரில் நான் சிபாரிசு செய்வது கொஞ்சம்தான். கடிதம், கணக்கு, ஸ்லைடுக்கு லிப்ரே ஆபீஸ். ஒரு எச்சரிக்கை: அதில் செய்த ஸ்லைடை மைக்ரோசாஃப்ட் ஆபீஸில் திறந்தால் எழுத்து இடம் மாறும், செமினாருக்குப் போகும்போது பி.டி.எஃப். ஆகவும் ஒன்று எடுத்துக் கொள்ளுங்கள். சுருக்க 7-ஜிப். பார்க்க, கேட்க வி.எல்.சி. படத்துக்கு ஜிம்ப். டிஸ்க்கின் உடல் நிலையைப் பார்க்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. அதில் நீலம் மஞ்சளாக மாறினால் அன்றைக்கே பேக்கப் எடுங்கள். செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் இதைப் பென் டிரைவில் கொண்டு போகலாம். டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைக்கூடக் காட்டிக் கொடுத்து விடும். "ரெண்டு மாசம்தான் யூஸ் பண்ணினது" என்பவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்!

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். லினக்ஸை 1991ல் ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கியில் மாணவர், வயது 21. அவரிடம் இருந்தது ஒரு 386. ஜிம்ப்பைத் தொடங்கியவர்கள் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர். வி.எல்.சி. 1996ல் பிரான்ஸின் எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் என்ற இன்ஜினியரிங் கல்லூரியில் மாணவர்களின் புராஜெக்டாகப் பிறந்தது. நம் புராஜெக்ட்டுகளை எக்ஸ்டர்னல் வந்து போன மறுநாளே பரணில் போடுகிறோமே என்று தோன்றுகிறது.

புரோகிராமிங் பழக டர்போ சி வேண்டும் என்று இன்னும் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். அது 1980களின் 16 பிட் சாஃப்ட்வேர். 64 பிட் விண்டோஸில் நேராக ஓடாது, டாஸ்பாக்ஸ் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதில் இன்ட் என்பது 2 பைட். 32767ஓடு ஒன்றைக் கூட்டினால் மைனஸ் 32768 வரும்! கோட் பிளாக்ஸ் போட்டு ஜி.சி.சி.யில் பழகுங்கள். ஸ்கிரீனை அழிக்கும் பழைய கட்டளை மட்டும் வேலை செய்யாது, மற்றபடி சுகம். சர்க்யூட்டுக்கு கைகேட், மும்பை ஐ.ஐ.டி.யின் ஈசிம். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஃப்ரீகேட், சிவிலுக்கு லிப்ரேகேட். ஆட்டோகேட் பரீட்சைக்கு ஆட்டோகேட்தான் பழக வேண்டும். மாணவர்களுக்கு இலவச லைசென்ஸ் தருகிறார்கள், கிராக் தேவையில்லை. இங்கிலீஷ் பயமாக இருந்தால் மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் சைட்டுக்குப் போங்கள். சி, லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் பாடங்களைத் தமிழில் பேசியே சொல்லித் தருகிறார்கள். தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு அது ரொம்ப உதவியது.

தமிழ் டைப்பிங் பற்றி ஒரு வார்த்தை. மலர்க் குழுவில் இருப்பவர்கள் சொன்னால்தான் இந்தத் தொல்லை தெரியும். பழைய ஃபான்ட்டில் அடித்த கட்டுரையை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். யூனிகோடில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை; செல்போனிலும் தெரியும். 1999ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 கீபோர்டு விண்டோஸ் 11லும் லினக்ஸிலும் கூடவே வருகிறது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. பத்து நாள் பழகினால் கை தானாக ஓடும்.

லினக்ஸ் மின்ட், மெம்டெஸ்ட், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எல்லாம் என் பென் டிரைவ்களில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹார்டுவேர் லேபில் இருப்பேன். வேண்டியவர்கள் காப்பி பண்ணிக் கொள்ளலாம். கேபினெட்டைத் தூக்கிக் கொண்டு வருகிறவர்கள் பவர் கார்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது.